தவிட்டு வாளிக்கு ஆறு வாரம்

தான் சாப்பிடாத சாமானை, சாப்பிட்டு ருசி கண்டவள் போன்ற முகத்தோடு விற்பதுதான் பலசரக்குக் கடை உத்தியோகம். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் சிட்னியில், துறைமுகப் பாலத்துக்கு வடக்கே இருந்த ஒரு சின்ன யப்பானியப் பலசரக்குக் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. முதலாளி மிஸ்டர் மொரிட்டா. கடையின் பின்னறையில் ஊறுகாய் போடுகிறவர் அவர் மனைவி மிஸிஸ் மொரிட்டா. கவுண்டரில் என்னோடு நின்றவள் பெரில் என்ற ஆஸ்திரேலியப் பெண்; எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவாள். அங்கே இருந்த சாமான்களில் நான் முன்பே கண்டவை அரிசியும் உப்பும் மட்டும்.

"மூன்று மாதம் பார்ப்போம்" என்றார் மிஸ்டர் மொரிட்டா. அதற்கு முந்திய ஒன்றரை வருடம் நான் சிட்னியின் மேற்குப் புறநகரான டூங்கபியில், வீட்டு ஜன்னலுக்குள்ளால் பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கிழமை எந்தத் துணி என்று மனப்பாடமாகிவிட்டது. மூன்று மாதத்தைத் தாண்டாவிட்டால் திரும்பவும் அந்த ஜன்னல்தான். நான் செய்த கோமாளித்தனங்களுக்கெல்லாம் அந்தப் பயம்தான் காரணம்.

பத்துத் தாள்

நோரி என்பது கடற்பாசியைத் தாள்போலப் பரப்பிக் காயவைத்தது. நெருப்பில் ஒரு வாட்டு வாட்டி, சோற்றைச் சுற்றிச் சாப்பிடவேண்டும். இது எனக்கு இரண்டாவது வாரத்தில்தான் தெரிந்தது. முதல் வாரம் ஒரு பெண்மணி அதைக் கையில் எடுத்து என்னவென்று கேட்டபோது, "கடலில் விளைகிற மரக்கறி, மிகவும் நல்லது" என்று சொல்லிக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

அந்தக் காலத்து ஆஸ்திரேலியர்களுக்கு மரக்கறி என்றால் ஒரே சமையல்தான். நிறம் போகும்வரை அவிப்பார்கள். மறுநாள் பெண்மணி மூடி போட்ட பானையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். பானையை என் முன்னால் வைத்துத் திறந்தார். உள்ளே கறுப்புத் தண்ணீர் மட்டும் இருந்தது. நானும் அவரும் அதை எட்டிப் பார்த்தோம். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் கரண்டியால் ஒரு தடவை அடியில் துழாவிக் காட்டிவிட்டுச் சொன்னார்:

"பத்துத் தாள் போட்டேன், ஒன்றையும் காணவில்லை. நாளைக்கு வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், கரைந்து போகாத மரக்கறி ஏதாவது இருந்தால் கொடு."

கதவுக்கு முட்டுக்கொடுத்த கட்டை

பின்கதவு காற்றுக்கு அடித்துக்கொள்ளும். பெரில் புதிதாக வந்த சாமான் பெட்டியிலிருந்து ஒரு கட்டையை எடுத்து அதற்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள். பழுப்பு நிறம், ஒரு சாண் நீளம், தட்டினால் டொக்கென்று சத்தம். மூன்றாம் நாள் மிஸ்டர் மொரிட்டா அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, காதுதான் சிவக்கும்.

நான் குனிந்து எடுத்து மணந்து பார்த்தேன். யாழ்ப்பாணத்துக் குசினியே மூக்குக்குள் வந்தது. மாலைதீவிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற மாசிக்கருவாடு மாதிரியே! நாங்கள் உரலில் இடித்துச் சம்பலுக்குப் போடுவோம். யப்பானியர்கள் சீவுளியில் மெல்லிசாகச் சீவிச் சூப்புக்குப் போடுகிறார்கள். "இது மீன். அவித்துப் புகைபோட்டுக் காயவைத்தது. ஈரம் படக்கூடாது" என்றேன். மிஸ்டர் மொரிட்டாவின் காது மெல்ல வெளுத்தது. என்னைப் பார்த்து ஒரு அங்குலம் தலை குனிந்தார். பெரில்தான் நம்பவில்லை.

"மீனா? மூன்று நாளாக இதைக் காலால் தள்ளுகிறேன் லவ், அது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே!"

கையால் சாப்பிடுகிறவள்

மத்தியானம் நான் பின்னறையில் ஒதுங்கி இருந்து, கொண்டுவந்த சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுவேன். யாராவது வந்தால் துவாயால் மூடிக்கொள்வேன். ஒரு நாள் மிஸிஸ் மொரிட்டா என் முன்னால் உட்கார்ந்து, பருப்பையும் சோற்றையும் என் விரல்கள் சேர்ப்பதைச் சிரிக்காமல், முகம் சுளிக்காமல், பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரிப் பார்த்தார். சாப்பிட்டு முடிந்ததும் என்னை மூலையிலிருந்த ஒரு பெரிய எனாமல் வாளியிடம் கூட்டிக்கொண்டு போனார்.

மூடியைத் திறந்தால் உள்ளே தவிடு. எங்கள் ஊரில் மாட்டுக்கு வைக்கிற அதே நெல்லுத் தவிடு. அதோடு உப்பும் தண்ணீரும் காய்ந்த மிளகாயும் ஒரு துண்டுக் கடற்பாசியும் கலந்து, புளிக்கவைத்து, ஈர மணல் பதத்தில் வைத்திருந்தார். இதற்குள் வெள்ளரிக்காயையும் கத்தரிக்காயையும் முள்ளங்கியையும் புதைத்துவிட்டு மறுநாள் எடுத்துக் கழுவினால் ஊறுகாய். கம்பெனி உத்தியோகத்தில் சிட்னிக்கு வந்திருந்த யப்பானியர்களின் மனைவிமார் இதற்காகத்தான் கடைக்கு வந்தார்கள். வந்த இடத்தில் மற்றதையும் வாங்கினார்கள். தவிட்டுக்கு உயிர் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் அடியிலிருந்து கிண்டிக் காற்றுக் காட்டாவிட்டால் செத்துப்போகும் என்றார் மிஸிஸ் மொரிட்டா. இந்த வாளிக்கு ஆறு வயது.

யப்பானில் அவருடைய தாயார் படுக்கையில். ஆறு வாரம் போய்வரவேண்டும், அதுவரை வாளி என் பொறுப்பாம். மிஸ்டர் மொரிட்டா நல்ல மனிதர், ஆனால் மறதிக்காரர். நான் கடைக்கு வந்தே ஒரு மாதம்தான், பெரில் நாலு வருடமாக இருக்கிறாளே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"கரண்டியால் சாப்பிடுகிறவர்களிடம் இதைக் கொடுக்க எனக்குப் பயம்" என்றார் மிஸிஸ் மொரிட்டா.

கரண்டி

நீங்களே சொல்லுங்கள். ஊறுகாய்ச் சாடிக்குள் கையை விடலாமா? எங்கள் வீட்டில் எலுமிச்சங்காய் ஊறுகாயைத் திறப்பதென்றால் அது ஒரு சடங்கு. கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்த மரக்கரண்டியால்தான் எடுக்கவேண்டும். ஈரக் கை பட்டால் பூஞ்சணம். பட்டது யாருடைய கை என்று ஒரு வாரத்துக்கு விசாரணை நடக்கும்.

மிஸிஸ் மொரிட்டா "கையால்" என்று இரண்டு தரம் சொன்னது உண்மைதான். கையால் சாப்பிடுகிற எனக்கு மரியாதை கொடுப்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். அவர் விமானம் ஏறிய அன்றே புது மரக்கரண்டி வாங்கி, வெயிலில் காயவைத்து, வாளியை ஒரு சொட்டு ஈரம் படாமல் பக்குவமாகக் கிண்டினேன். வாளியின் வாய்க்கு வெள்ளைத்துணி வேறு கட்டினேன். ஐந்தாம் நாள் மேலே வெண்ணெய் பூசியது போல் ஒரு படை. கரண்டி அடிவரை போகவில்லை; மூலைகளில் தவிடு கட்டிபிடித்து நாறத் தொடங்கியிருந்தது.

வாடிக்கைக்காரர்களில் மூத்தவர் மிஸிஸ் ஒகாடா. அவர் வாங்கினால் மற்றவர்கள் வாங்குவார்கள். வெள்ளரிக்காயில் ஒரு துண்டு வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு மிகவும் பணிவாகக் கேட்டார்:

"மிஸிஸ் மொரிட்டா எப்போது திரும்பி வருகிறார்?"

ஜன்னலோரம்

அன்றே சட்டைக்கையை மடித்து, வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டேன். தவிடு குளிர்ந்து, மெத்தென்று, மாக்குழைப்பது போல்தான் இருந்தது. கட்டிகளை விரலால் தேடி உடைத்தேன். கரண்டிக்குத் தெரியாததெல்லாம் விரலுக்குத் தெரிந்தது. கையில் ஒரு புளித்த மணம் ஒட்டிக்கொண்டு, எத்தனை தரம் கழுவினாலும் போகவில்லை. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அடுத்த வில்லங்கம் ஞாயிற்றுக்கிழமை. அந்த நாட்களில் சிட்னியில் சனி மத்தியானத்தோடு கடைகள் எல்லாம் பூட்டு. ஞாயிறு கிண்டுவதாக மிஸ்டர் மொரிட்டா வாக்குக் கொடுத்தார்; கொடுத்துவிட்டுக் கம்பெனிக்காரர்களோடு கோல்ஃப் விளையாடப் போனார். திங்கட்கிழமை திறந்தால் வாளி மூச்சுமுட்டிப் போய்க் கிடந்தது. அடுத்த சனி நான் பாரம் குறையப் பாதித் தவிட்டை ஒரு டப்பாவில் போட்டுக் கடைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, மீதியோடு வாளியைச் சேலைத்துண்டில் கட்டித் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். டூங்கபிவரை ஒன்றேகால் மணி நேரம். நான் இருந்த பெட்டியில் எனக்கு முன்னாலும் பின்னாலும் ஆட்கள் மெல்ல மெல்ல எழும்பிப் போனார்கள். வீட்டில் என் கணவர் வாளியைத் திறந்து பார்த்துவிட்டு, "தவிடோ? எங்களிட்ட மாடு இல்லையே" என்றார். அதோடு அந்த விஷயத்தை விட்டுவிட்டார். வாளியில் இருந்து வந்த எதையும் வாயில் வைக்கமாட்டேன் என்று மட்டும் பிறகு அறிவித்தார்.

ஆனால் அன்றைக்கு என்னைக் கவர்ந்தவர் ரயிலில் வந்த டிக்கெட் பரிசோதகர். வாளிக்குள் என்ன என்று கேட்டார். ஊறுகாய் என்றேன். உயிரோடு இருக்கிறதா என்றார் மூக்கைப் பிடித்துக்கொண்டு. நான் நேர்மையாக, "ஓம், செத்துப்போகாமல் இருக்கத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்" என்றேன். அவர் டிக்கெட்டை வெட்டித் திருப்பித் தந்தார்.

"அப்படியென்றால் அதை ஜன்னலோரம் வை, அதுவும் ஊரைப் பார்க்கட்டும்."

கட்டுப் போட்ட விரல்

மூன்றாவது வாரம் தொடங்கியதும் எனக்கு மாதத்தின் மூன்று நாட்கள் வந்தன. சிட்னிக்கு வந்ததும் இந்த விஷயத்தில் பாதி விதிகள் தாமாகவே போய்விட்டன. சமைக்க வேறு ஆள் இல்லை, ஆகவே குசினி விதி போயிற்று. தனிப்பாய் விதி போயிற்று. சாமியறைக்குப் போவதில்லை என்ற விதி இருந்தது. ஊறுகாயைத் தொடக்கூடாது, தொட்டால் பூச்சி பிடிக்கும் என்ற விதியும் இருந்தது. வீட்டில் ஊறுகாய் இல்லாததால் அதை மீறச் சந்தர்ப்பமே வரவில்லை. இப்போது ஆறு வயது ஊறுகாய் ஒன்று, அதுவும் அடுத்தவருடையது, என் கையை நம்பி இருக்கிறது. பூச்சி பிடித்தால் என்ன பதில் சொல்வேன்?

இதை மிஸ்டர் மொரிட்டாவிடம் எந்த மொழியில் சொல்வது? வலது கைப் பெருவிரலில் பெரிய கட்டொன்று போட்டுக்கொண்டு போனேன். கத்தி வெட்டு என்றேன். மனிதர் பதறிவிட்டார். மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டை அவிழ்த்துப் பார்க்க நின்றார். மூன்று நாளைக்கு அவிழ்க்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார் என்று இன்னொரு பொய். அரிசி மூட்டையெல்லாம் அவரே தூக்கினார். எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். வெட்கத்தோடு அதை இடது கையால் வாங்கிக் குடித்தேன்.

வாளியைப் பெரில் கிண்டினாள். மனப்பூர்வமாகத்தான் கிண்டினாள். அவள் மணிக்கொரு தரம் கைக்கு லவெண்டர் கிரீம் பூசுகிறவள் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நாலாம் நாள் மிஸிஸ் ஒகாடா ஒரு துண்டு கத்தரிக்காய் சாப்பிட்டார். கண்ணை மூடித் திறந்தார்.

"மிகவும் சுத்தமாக இருக்கிறது. என்ன சவர்க்காரம்?"

நாற்பது டிகிரி

மேலே இருந்த தவிட்டை அள்ளி எறிந்து, புதுத் தவிடும் உப்பும் போட்டு, ஒரு நாளைக்கு இரண்டு தரம் கிண்டி வாளியை எழுப்ப ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மிஸிஸ் ஒகாடா ஒரு குறையும் சொல்லாமல் நாலு வெள்ளரிக்காய் வாங்கிக்கொண்டு போனார். எனக்குக் கூத்தாடவேண்டும் போல் இருந்தது.

ஆறாவது வாரம். அடுத்த புதன்கிழமை மிஸிஸ் மொரிட்டா வருகிறார். பெரில் லீவில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மிஸ்டர் மொரிட்டா கோல்ஃபுக்குப் போய்விட்டார். என் கணவர் வேலை விஷயமாக நியூகாசிலுக்குப் போய்விட்டார். சனி மத்தியானம் வாளியும் நானும் ரயிலில் வரும்போதே எனக்கு நாள் வந்துவிட்டது. டூங்கபியில் அன்றைக்கு நாற்பது டிகிரி. வாளியைக் குளியலறையில் ஈரச் சாக்கின்மேல் வைத்தேன். பின்னேரம் நாலு மணிக்கு மூடியைத் திறந்தால் பெயின்ற் நெடி. தவிடு பொங்கி விளிம்புக்கு வந்திருந்தது. திங்கட்கிழமைவரை விட்டால் எறியத்தான் வேண்டும்.

வாளிக்கு முன்னால் ஒரு சின்னக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். அம்மாவிடம் கேட்கலாமென்றால் கடிதம் போய்ப் பதில் வர இருபது நாள். சாமியிடம் கேட்கலாமென்றால் அந்த மூன்று நாளும் சாமியறைக்கும் போகக்கூடாது. தொட்டால் பூச்சி பிடிக்கும் என்பதை முப்பத்தொரு வயதுவரை நான் நம்பினேனே தவிர, ஒரு நாளாவது தொட்டுப் பார்த்ததில்லை. தொட்டால் ஒருவேளை சாகும். தொடாவிட்டால் நிச்சயமாகச் சாகும். கையைக் கழுவினேன். வாளிக்குள் விட்டேன். மேலே சுட்டது, அடியில் இன்னும் குளிர் இருந்தது. அந்தக் குளிர் விரலில் பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அழுதுகொண்டே உப்பும் கடுகுத் தூளும் போட்டுக் கிண்டினேன். ஞாயிறு மூன்று தரம் கிண்டினேன். பூச்சி ஒன்றும் வரவில்லை. பெயின்ற் நெடி போய், பழைய புளித்த மணம் வந்தது.

ஞாயிறு பின்னேரம் கணவர் வந்தார். சாமியறையில் விளக்கு ஏற்றாததைக் கண்டார். என் கையில் தவிடு ஒட்டியிருந்ததையும் கண்டார்.

"உந்த வாளியை ஆர் கிண்டினது?"

"நான்தான்."

அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். குசினிக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்தார். மேசையில் கழுவி வைத்திருந்த வெள்ளரிக்காயை உருட்டிப் பார்த்தார்.

"அப்ப எனக்கும் ஒரு துண்டு வெட்டும்."

மூன்று துண்டுகள்

புதன்கிழமை மிஸிஸ் மொரிட்டா விமான நிலையத்திலிருந்து நேரே கடைக்கு வந்தார். தாயார் எழுந்து நடக்கிறாராம். அதைச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். வாளிக்குள் முழங்கைவரை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே எதையோ தேடுகிறவர்போல் நின்றார். ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக் கழுவி, நறுக்கி, ஒரு துண்டு சாப்பிட்டார்.

"இது என் கை இல்லை" என்றார்.

எனக்குப் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி கண் முன்னால் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கரண்டி, வெள்ளைத்துணி, ரயில், பொய்க் கட்டு, பெரிலின் லவெண்டர், நாற்பது டிகிரி, கடைசியாக அந்த நாட்கள். எனக்கிருந்த இங்கிலிஷ் முழுவதும் அதில் செலவாகிவிட்டது. நாட்கள் என்ற இடம் வந்ததும் மிஸ்டர் மொரிட்டா முன்பக்கம் போய், ஏற்கெனவே ஒழுங்காக இருந்த சோயா சோஸ் போத்தல்களை அடுக்கத் தொடங்கினார்.

மிஸிஸ் மொரிட்டா இரண்டாவது துண்டைச் சாப்பிட்டார். கொஞ்சம் காரம் என்றார். மூன்றாவது துண்டையும் எடுத்துக்கொண்டார். இனி வருடத்தில் இரண்டு தடவை தாயாரிடம் போய்வரவேண்டியிருக்கும், அப்போதெல்லாம் வாளி என்னிடம்தான் என்றார். மூன்று மாதம் பார்ப்போம் என்று மிஸ்டர் மொரிட்டா சொன்னாரே என்று நான் முன்பக்கம் பார்த்தேன். "அது அவருடைய கடைக்கு, வாளி என்னுடையது" என்றார் மிஸிஸ் மொரிட்டா. பிறகு வாளியை மூடிவிட்டு, துவாயில் விரல் விரலாகக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"என் மாமியாரும் அந்த நாட்களில் தன் வாளியைத் தொட விடமாட்டார். சிட்னிக்கு வந்த முதல் மாதமே நான் எனக்கென்று ஒரு வாளி வாங்கினேன். அன்றைக்கும் எனக்கு அந்த நாள்தான்."

பெண் விடுதலை பற்றி அந்த வருடங்களில் சிட்னியில் எத்தனையோ பேர் கூட்டம் போட்டுப் பேசினார்கள். என்னைப் பொறுத்தவரை, ஊறுகாய் வேலையிலிருந்து மாதத்தில் எனக்கிருந்த மூன்று நாள் லீவும் அன்றோடு பறிபோனதுதான் கண்ட பலன்.